ஈயத்துக்கு ஒரு வரி போதும்

மென்பொருள் பொதி ஏற்பு வாரியம் என்று ஒன்று இருக்கிறது. பேரைக் கேட்டதும் லாரி, சாக்கு மூட்டை என்று எதையாவது கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் கிடையாது. பேனா தூக்கவே அலுத்துக்கொள்கிறவர்கள்தான் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரி, ஆய்வுக்கூடம், கல்லூரி எதிலும் வாரியத்தின் முத்திரை இல்லாத சாஃப்ட்வேர் நுழைந்துவிடக் கூடாது என்பதைப் பார்த்துக்கொள்வதற்காக ஒரு பெரிய கட்டிடமும், கட்டிடம் நிறைய ஆட்களும், ஆட்களுக்கு மேலே ஒரு தலைவரும் இருந்தார்கள். எப்போதோ ஒரு காலத்தில் யாரோ ஒரு டாக்டர் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் சீட்டாட்டம் ஏற்றி விளையாடிவிட்டாராம். அந்த மனுஷன் செய்த பாவம், இன்றுவரை ஊரே அனுபவிக்கிறது.

இந்த வாரியத்தின் வாசலில்தான் தம்பி காத்துக்கிடந்தான். வீட்டில் அக்கா அவனைத் தம்பி என்று கூப்பிடுவாள். அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஆபீஸிலும் எல்லோருக்கும் அவன் தம்பியாகிவிட்டான். தலையில் பாதி நரைத்த பிறகும் தம்பிதான்.

ஒரு பௌதிக ஆய்வுக்கூடத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் அவனுக்கு வேலை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற நல்ல மனுஷர்கள் மெனக்கெட்டு எழுதிச் சும்மா கொடுக்கும் சாஃப்ட்வேர்களை எடுத்து, இது என்ன செய்யும், இதற்குத் துணையாக வேறு என்னென்ன வேண்டும், எங்கே வைக்க வேண்டும், வைத்தால் ஒழுங்காக ஓடுகிறதா என்றெல்லாம் பார்த்து, ஒரு பேக்கேஜாகக் கட்டி அனுப்ப வேண்டும். சமைப்பவர் வேறு ஆள். டப்பாவில் அடைத்து மூடி போடுவது தம்பி. மூடி இறுக்கமாக இருந்தால் யாரும் அவனை நினைக்க மாட்டார்கள், கசிந்தால் எல்லோரும் நினைப்பார்கள்.

இந்த முறை அவன் கையில் இருந்தது எக்ஸ்-ரே கணக்குகளுக்கான ஒரு லைப்ரரி, அதாவது மற்ற புரோகிராம்கள் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஒரு துணை சாஃப்ட்வேர். எந்த உலோகம், எவ்வளவு கனம், எவ்வளவு சக்தியுள்ள எக்ஸ்-ரே வந்தால் எவ்வளவைத் தடுக்கும் என்று கேட்டால், பட்டென்று சொல்லும். இதை எழுதியவர் ஏதோ ஒரு தூர தேசத்துப் பேராசிரியர். ஒவ்வொரு தனிமத்துக்கும் அட்டவணை போட்டு, அட்டவணை சரியா என்று பார்க்கச் சோதனைகளும் எழுதி, அழகாகச் செய்திருந்தார்.

இதற்காக ஊரில் யார் காத்திருந்தார்களோ இல்லையோ, அக்கா காத்திருந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. புது மெஷின் வந்து இறங்கிவிட்டது. அதற்கு ஒரு அறை ஒதுக்கிச் சுவரில் ஈயத் தகடு பதிக்க வேண்டும். எவ்வளவு கனத்தில் பதிப்பது என்று கணக்குப் போடும் புரோகிராம் ஆஸ்பத்திரி எஞ்சினியரிடம் இருந்தது, ஆனால் இந்த லைப்ரரி இல்லாமல் அது ஓடாது. வாரிய முத்திரை இல்லாமல் லைப்ரரி ஆஸ்பத்திரிக்குள் வராது. ஆகவே மெஷின் பாலித்தீன் உறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. கை உடைந்தவர்களையும் கால் உடைந்தவர்களையும் ஊரின் அந்தக் கோடியில் இருந்த இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா மேல் வீடு, தம்பி கீழ் வீடு. அதனால் தினம் காலையில் படியில் ஒரு விசாரணை உண்டு.

"என்னடா, வந்துடுச்சா?"

"இன்னும் இல்லக்கா. போயிட்டேதான் இருக்கேன்."

"நேத்து ஒரு பெரியவர். இடுப்பெலும்பு. ஸ்ட்ரெச்சர்லயே திருப்பி அனுப்பிச்சேன். அவர் என்னைப் பாத்த பார்வை இருக்கே." அதற்கு மேல் அவள் சொல்ல மாட்டாள். அவள் சொல்லாமல் விட்டதைத் தம்பி பஸ்ஸில் போகும்போது நினைத்துக்கொண்டே போவான்.

முதலில் உரிமப் பிரிவு. அங்கிருந்த அதிகாரி காகிதத்தைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்ப்பவர், ஆளைப் பார்ப்பதற்கு முன் ஆளின் கையைப் பார்ப்பவர்.

"இத எழுதினவர் எவ்வளவு வாங்கறார்?"

"ஒண்ணும் வாங்கலைங்க. இலவசம். யார் வேணாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம்னு எழுதியே கொடுத்திருக்கார்."

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காசு வாங்காம ஒருத்தர் வேலை செஞ்சிருக்கார்னு சொல்றீங்க. எனக்கு இந்த நாற்காலியில எவ்வளவு அனுபவம் தெரியுமா? அப்படி ஒருத்தர இந்த ரூம்ல நான் பாத்ததே கிடையாது. எனக்கு இது சரியாப் படல."

சரி, பேராசிரியரின் நல்லெண்ணத்தை எப்படியோ நிரூபித்தாயிற்று. அடுத்து அட்டவணைகள். இரும்பு, செம்பு, ஈயம், தங்கம் என்று வரிசையாக எண்கள் இருக்கின்றனவே, இந்த எண்கள் யாருடையவை?

"யாருடையதும் இல்லைங்க. அளந்து பாத்தா வர்றது. இயற்கை."

"இயற்கைகிட்டேருந்து தடையில்லாச் சான்று இருக்கா?"

அவர் சிரிக்கிறாரா என்று தம்பி பார்த்தான். சிரிக்கவில்லை. கடைசியில் தம்பியே ஒரு வெள்ளைத் தாளில், 'மேற்படி எண்களைப் பயன்படுத்துவது குறித்து இயற்கையின் தரப்பிலிருந்து இதுநாள்வரை ஆட்சேபணை எதுவும் வரப்பெறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அதிகாரி அதை இரண்டு முறை படித்துவிட்டு, வாசகம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். அன்றைக்கு அது தம்பிக்கு வேடிக்கையாக இருந்தது. அக்காவிடம் சொன்னபோது அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொய்க்குப் போட்ட கையெழுத்து என்று இருவருக்குமே தோன்றவில்லை.

அடுத்தது துடைப்பம். துடைப்பம் என்பது வாரியத்தின் சொந்தத் தயாரிப்பு, தலைவரின் மூளையில் உதித்தது. ரிப்பன் வெட்டித் திறந்து வைத்திருக்கிறார்கள், ஒரு புரோகிராமுக்கு ரிப்பனை எங்கே கட்டினார்கள் என்று கேட்காதீர்கள். உள்ளே வருகிற எந்தப் பேக்கேஜும் துடைப்பம் வழியாகத்தான் வர வேண்டும். ஒரே விஷயம் இரண்டு முறை இருந்தால் துடைப்பம் ஒன்றைத் தள்ளிவிடும். இடம் மிச்சம், ஒழுங்கு, சிக்கனம் என்று சுவரிலேயே எழுதி மாட்டியிருந்தார்கள்.

துடைப்பம் லைப்ரரியைக் கூட்டிப் பெருக்கி, 'சுத்தம்' என்று அறிக்கை கொடுத்தது. தள்ளிய வரிகளின் பட்டியலைத் தம்பி மேலோட்டமாகப் பார்த்தான். ஒவ்வொரு கன உலோகத்திலும் சில வரிகள் போயிருந்தன. ஈயத்திலும் போயிருந்தன. ஒரே சக்திக்கு நேராக இரண்டு வரி இருந்திருக்கிறது, முதல் வரியைத் தள்ளிவிட்டு அடுத்ததை வைத்திருக்கிறது.

சோதனைப் பிரிவு மேடத்திடம் போய், "ஏன் ரெண்டு தடவ போட்டிருப்பார்னு தெரியல மேடம். எழுதினவர ஒரு வார்த்தை கேட்டுடட்டுமா?" என்றான்.

மேடம் நல்ல மனுஷி. மேஜையில் ஒரு சின்னச் செடி வைத்துத் தினம் தண்ணீர் ஊற்றுகிறவர். யார் வந்தாலும் உட்காரச் சொல்கிறவர். கத்துகிறவர்களோடு திருப்பிக் கத்தலாம், இப்படிப்பட்டவர்களை என்ன செய்வது?

"கேளுங்க தம்பி, தாராளமா கேளுங்க. கேட்டுப் பதில் வர்ற வரைக்கும் உங்க மனு கீழ போயிடும், அவ்வளவுதான். மறுபடி உரிமப் பிரிவுலேருந்து வரணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரே இடத்துக்கு எதுக்கு தம்பி ரெண்டு எண்? ஈயத்துக்கு ஒரு வரி போதும்," என்றார்.

தம்பிக்கு மனசு ஒரு ஓரத்தில் உறுத்தியது. காலையில் படியில் பார்த்த அக்காவின் முகம் மறு ஓரத்தில் நின்றது. பேராசிரியருக்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். இந்தப் 'பிறகு' இருக்கிறதே, அது வாரியத்தின் தண்ணீரிலேயே கலந்திருக்கிறது.

அதற்குப் பின் சோதனை. வாரியத்தின் பரிசோதனைக் கம்ப்யூட்டர் ஒரு கிழடு. தசமத்துக்குப் பிறகு நீளமாகப் போகும் எண்களின் வாலைத் தன்னிஷ்டத்துக்கு வெட்டும். அதனால் பேராசிரியரின் சோதனைகளில் நிறைய தோற்றன. இவ்வளவு துல்லியம் வேண்டாம், வாலில் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கலாம் என்று தம்பி ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே வந்தான். எல்லாம் பச்சை விளக்கு காட்டின. ஒன்றே ஒன்று மட்டும் எவ்வளவு தளர்த்தினாலும் சிவப்பாகவே நின்றது. அது ஈயத்துக்கான சோதனை.

அப்போது அவன் அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். வாலில் இருந்த தவறா, தலையில் இருந்த தவறா என்று ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் பார்க்கவில்லை. எல்லாம் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரின் கோளாறு என்ற நினைப்பில் இருந்தான், அலுத்தும் போயிருந்தான்.

"தோத்த சோதனையோட பேக்கேஜ ஏத்துக்க விதியில இடமில்லையே தம்பி," என்றார் மேடம் மிகுந்த வருத்தத்தோடு.

"அப்ப என்ன மேடம் செய்யறது?"

"சோதனை இல்லாத பேக்கேஜ ஏத்துக்கக் கூடாதுன்னு விதியில எங்கயும் சொல்லல." செடியின் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டார். "கேள்வியே கேக்கலன்னா தப்பான பதில் எப்படி வரும்?"

தம்பி அந்தச் சோதனையை எடுத்துவிட்டான். ஒரே ஒரு விசையைத் தட்டினால் போதும், போய்விட்டது. உடனே எல்லாம் பச்சை. முத்திரை விழுந்தது.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எஞ்சினியர் கணக்குப் போட்டார், நினைத்ததைவிட மெல்லிய தகடே போதும் என்று விடை வந்தது, ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஏக சந்தோஷம். தகடு பதித்து, மெஷினின் உறையைக் கிழித்து, அறையைத் திறந்தார்கள். அந்த வாரம் முழுக்க அக்கா படியில் அவனைப் பார்க்கும்போதெல்லாம் தோளில் தட்டினாள். "உன்னாலதான்டா. இன்னைக்கு ஒருத்தரயும் திருப்பி அனுப்பல. நீ நல்லா இருக்கணும்."

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் பேராசிரியரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தன் லைப்ரரியை யார் யார் எப்படிக் கட்டிக் கொடுக்கிறார்கள் என்று அவ்வப்போது பார்ப்பது அவருக்கு வழக்கமாம். உங்கள் பேக்கேஜில் ஈயத்தின் முதல் வரியைக் காணோமே, ஏதாவது விசேஷக் காரணம் உண்டா என்று மிக மரியாதையாகக் கேட்டிருந்தார். கூடவே விளக்கமும் இருந்தது. எக்ஸ்-ரேயின் சக்தி ஏற ஏற ஈயம் அதைத் தடுப்பது குறைந்துகொண்டே வரும். ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டதும் தடுப்பது ஒரேயடியாகக் குதித்து மேலே ஏறும். குதிப்பதற்கு முன் ஒரு எண், குதித்த பின் ஒரு எண், அதனால்தான் அந்த இடத்துக்கு இரண்டு வரி. முதல் வரியை எடுத்துவிட்டால் லைப்ரரி அந்தப் படிக்கட்டைச் சறுக்குமரமாக நினைத்துக்கொள்ளும். குதிப்பதற்கு முந்தைய சக்திகளில், ஈயம் உண்மையில் தடுப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தடுப்பதாகச் சொல்லிவிடும். இதைக் கண்டுபிடிக்கத்தானே ஒரு சோதனை எழுதியிருந்தேன், அது உங்களிடம் தோற்கவில்லையா?

தம்பி வரைபடத்தைப் போட்டுப் பார்த்தான். சறுக்குமரம்தான். மெல்லிய தகடு போதும் என்று விடை வந்ததும், நிர்வாகம் சந்தோஷப்பட்டதும், அக்கா தோளில் தட்டியதும் வரிசையாக ஞாபகம் வந்தன. அந்தத் தட்டல் இப்போது தோளில் எரிந்தது.

உடனே எழுந்து ஓடினான். எங்கே ஓடினான் என்றால், வாரியத்துக்கு.

"பேக்கேஜ வாபஸ் வாங்கணும் மேடம். அதுல பெரிய தப்பு இருக்கு."

மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "உங்க பேக்கேஜ் எல்லாச் சோதனையிலும் பாஸ் ஆயிருக்கே தம்பி."

"தோத்த சோதனைய நான் எடுத்துட்டேன் மேடம். நீங்கதான்..."

"எடுத்த சோதனை கணக்குல வராது. கணக்குல வர்ற சோதனை எதுலயும் தோல்வி இல்ல. தோல்வி இல்லாத பேக்கேஜ எந்த விதியில வாபஸ் வாங்குவீங்க?" அவர் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. "உங்களுக்கு உடம்பு சரியில்லையா? முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு. கொஞ்சம் தண்ணி குடிங்க."

திருத்திய பேக்கேஜை அனுப்பலாமா என்றால், அதுவும் துடைப்பம் வழியாகத்தான் வர வேண்டும். துடைப்பத்துக்குத் திரும்பவும் இரண்டு வரி கிடைக்கும், திரும்பவும் ஒன்றைத் தள்ளும். கடைசியில் மேடமே இரக்கப்பட்டு மறுநாள் தலைவரைப் பார்க்க நேரம் வாங்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் பின்பக்கப் படி வழியாக வந்தான். மேல் வீட்டில் விளக்கு எரிந்தது. போய்ச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? தப்பாகிவிட்டது என்று மட்டும் சொன்னால் அவள் பயந்துவிடுவாள். நாளைக்குத் தலைவரைப் பார்த்து, வாபஸ் வாங்கி, சரியான பேக்கேஜுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, தப்பையும் திருத்தத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும். இப்படி யோசித்ததும் மனசு கொஞ்சம் ஆறியது. மனசு ஆறியதே என்று வேறு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை தலைவர் அவனைக் கட்டிப்பிடிக்காத குறை.

"வாங்க வாங்க. உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன். நான் பதவிக்கு வந்தப்ப இங்க எவ்வளவு தோல்வி தெரியுமா? வாராவாரம் ஏதாவது ஒரு பேக்கேஜ் சோதனையில தோத்துக்கிட்டே இருக்கும். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பும்போதெல்லாம் எனக்குத் தலைகுனிவு. ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க. சாஃப்ட்வேர திருத்தணும்னாங்க, கம்ப்யூட்டர மாத்தணும்னாங்க, துடைப்பத்தையே எடுக்கணும்னு ஒருத்தர் சொன்னார், அவர இப்ப குடோனுக்கு அனுப்பியிருக்கோம். சோதனைய எடுத்துடலாம்னு யாருக்காவது தோணுச்சா? உங்களுக்குத் தோணுச்சு."

"சார், நான் செஞ்சது தப்பு சார்."

"தன்னடக்கம் வேற."

"இல்ல சார். ஈயம் இவ்வளவு தடுக்கும்னு நம்ம பேக்கேஜ் சொல்லுது. நிஜத்துல ஈயம் அவ்வளவு தடுக்கறதில்ல."

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். பெரிய பதவியில் இருப்பவர்கள் யோசிக்கும்போது அறையில் மின்விசிறி சத்தம்கூட மரியாதையாகக் கேட்கும். பிறகு கண்ணைத் திறந்து, "அப்ப தப்பு ஈயத்து மேலதானே?" என்றார். "பேக்கேஜ் நம்ம முத்திரை வாங்கினது. ஈயம் வாங்கல. முத்திரை இல்லாத ஒரு பொருள் சொல்றத வெச்சு, முத்திரை உள்ளத நான் சந்தேகப்பட்டா, இந்த வாரியம் எதுக்கு?"

தம்பி மறுபடியும் ஆரம்பிக்கப் போனான், தலைவர் கையை உயர்த்தினார்.

"இருந்தாலும் உங்க மனசு கஷ்டப்படக் கூடாது. வாபஸ் தீர்மானம் கொண்டு வர்ற அதிகாரம் வாரிய உறுப்பினருக்கு மட்டும்தான். நாளைக்கு விழா இருக்கு. உங்கள உறுப்பினரா சேத்துக்கறோம். அப்புறம் நீங்களே தீர்மானம் போடுங்க, யார் தடுக்கப் போறா?"

அதில் ஒரு நியாயம் இருப்பதாகத் தம்பிக்குப் பட்டது. உள்ளே போனால்தானே திருத்த முடியும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், தான் உறுப்பினராகப் போகிறோம் என்பதில் உள்ளூர ஒரு சின்னக் குளிர்ச்சி இருப்பதைக் கண்டுபிடித்தான். சீ என்று தன்னையே திட்டிக்கொண்டான். குளிர்ச்சி போகவில்லை.

வியாழக்கிழமை விழா. மேடைக்குப் பின்னால், 'சோதனையில்லாத் தேர்ச்சி: ஒரு புதிய பாதை' என்று பெரிய எழுத்தில் கட்டியிருந்தார்கள். இனி எல்லாப் பேக்கேஜும் இந்த முறையில்தான் வரவேண்டும் என்று தலைவர் அறிவித்தார், கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. உரிமப் பிரிவு அதிகாரி எழுந்து, இயற்கையின் ஆட்சேபணையின்மை குறித்துத் தம்பி எழுதிய வாசகத்தை மனப்பாடமாகச் சொல்லி, இதுவே இனிமேல் மாதிரி வாசகம் என்றார்.

தம்பியைப் பேச அழைத்தார்கள். அவன் ராத்திரியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தான். 'நான் ஒரு பெரிய தவறு செய்துவிட்டேன்' என்பது முதல் வாக்கியம். மைக்கைப் பிடித்து, "நான் ஒரு" என்றான். முன்வரிசையில் மேடம் சொந்தப் பிள்ளை மேடையேறியதைப் பார்ப்பதுபோல் கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான், அக்கா. கூட்டம் காத்திருந்தது. போனை அணைத்து உள்ளே போட்டான்.

"நான் ஒரு சாதாரண ஊழியன்," என்றான். அதற்குப் பிறகு வாய் தன்பாட்டுக்கு ஓடியது. "இந்த வாய்ப்பை நல்கிய தலைவர் அவர்களுக்கும், துறைசார் அதிகாரிகளுக்கும், தோளோடு தோள் நின்ற நண்பர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். குறைகள் இருப்பின் அவை என்னையே சாரும். நிறைகள் யாவும் வாரியத்தையே சாரும்." எங்கேயிருந்து இந்த மொழி தனக்கு வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. பலத்த கைதட்டல்.

விழா முடிந்து கூட்டம். தம்பி தீர்மானத்தைக் கொண்டு வந்தான். ஒருவர்கூட எதிர்க்கவில்லை, அதுதான் கொடுமை. தீர்மானத்தை ஆராய ஒரு துணைக்குழு அமைத்து, அதற்குத் தம்பியையே அமைப்பாளராகப் போட்டார்கள். "ரொம்ப அவசரம்ங்க, சுவருக்குப் பக்கத்துல மனுஷங்க இருக்காங்க," என்று அவன் கெஞ்சினான். அவசரம் கருதித் துணைக்குழுவுக்குத் தனி அறை ஒதுக்கினார்கள். முதல் கூட்டம் அடுத்த மாதம்.

வெள்ளிக்கிழமை தம்பி அந்தத் தனி அறையில் உட்கார்ந்து குழு உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினான். 'திரும்பப் பெறுதல்' என்று போடலாமா, அது கொஞ்சம் கடுமையாகத் தெரியுமோ, 'மறுபரிசீலனை' என்று போட்டால் யார் மனசும் புண்படாதே என்று அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தபோது மத்தியானம் கழிந்துவிட்டிருந்தது. 'மறுபரிசீலனை' என்ற சொல் மிக நன்றாக அமைந்துவிட்டது என்ற திருப்தியில் தான் இருப்பதை உணர்ந்தான். பேனாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்தான். இந்த முறை முன்பக்கப் படியில் ஏறினான். தன் கதவைத் தாண்டி ஒரு மாடி.

அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, நாற்காலியில் சாய்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள்.

"வாடா பெரிய மனுஷா. போன் பண்ணினா எடுக்க மாட்டே, ஆளையே காணோம். உக்காரு, டீ போடறேன்."

தம்பி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு வரி இருந்ததை, துடைப்பம் ஒன்றைத் தள்ளியதை, சோதனை சிவப்பாக நின்றதை, தான் அதைப் பார்க்காமலே எடுத்ததை, சுவரில் இருக்கவேண்டிய கனம் இல்லை என்பதை. அக்காவுக்கு ஒரு காலில் ஷூ, ஒரு காலில் இல்லை. அவன் முடித்ததும் எழுந்து போனை எடுத்தாள்.

"நான்தான் பேசறேன். புது ரூம பூட்டுங்க. ஆமா, இப்பவே. உள்ள யாராவது இருந்தா வெளிய கூட்டிட்டு வந்துட்டுப் பூட்டுங்க. மெஷின அணைச்சுடுங்க. சுவருக்குப் பக்கத்துல இருக்கறவங்க எல்லாரையும் எழுப்பிப் பக்கத்துக் கட்டிடத்துக்கு அனுப்புங்க. காரணம் நான் வந்து சொல்றேன். எல்லாம் என் பொறுப்பு."

அவ்வளவுதான். அடுப்பில் தண்ணீர் இன்னும் கொதிக்கக்கூட இல்லை, அறை பூட்டியாகிவிட்டது. தீர்மானம் இல்லை, துணைக்குழு இல்லை. தம்பி அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் அக்கா.

"செவ்வாய்க்கிழமை."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பான். ஏதோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "கீழ் வீட்லதானடா இருக்கே."

"முறைப்படி வாபஸ் வாங்கிட்டுச் சொல்லலாம்னு நினைச்சேன். சரியாயிடுச்சுன்னு சேத்துச் சொன்னா உனக்குப் பயம் இருக்காதுன்னு..."

"ரிஜிஸ்டர் மேஜையில ஒரு பொண்ணு இருக்கா தெரியுமா? மாசமா இருக்கா. பழைய இடம் அந்த ரூம் கதவு ஓரம், எனக்கு மனசு கேக்கவே இல்ல. புதுசாத் தகடு அடிச்ச சுவர், அதவிடப் பாதுகாப்பான இடம் ஆஸ்பத்திரியிலயே கிடையாதுன்னு, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவ மேஜையக் கொண்டு போய் ஒட்டிப் போட்டேன். நானே தள்ளினேன். அவ எனக்கு நன்றி சொன்னாடா."

"எப்பக்கா?"

"நேத்து. வியாழக்கிழமை."

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு நாள்தான். ரெண்டு நாள்ல பெருசா ஒண்ணும் ஆகாது. ஆகாதுன்னுதான் நினைக்கிறேன்." அக்கா கழற்றிய ஷூவைத் திரும்பவும் மாட்டினாள். நாடாவைக் கட்டக் குனிந்தாள். "ஆனா இப்ப நான் போய் அவ முன்னாடி நின்னு என்னன்னு சொல்றது? எப்படி அவ என்னை நம்புவா?"

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. இருவருமே அணைக்கப் போகவில்லை.

"மேஜைய மாத்தறதுக்கு முன்னாடி எனக்கே ஒரு நிமிஷம் யோசனையா இருந்துச்சு," என்றாள் அக்கா, நாடாவைப் பார்த்துக்கொண்டே. "தகடு இவ்வளவு மெலிசா இருக்கேன்னு. சரி, கட்டிக் கொடுத்தவன் நம்ம ஆளு, அவனையே கேட்டுடுவோம், இந்தச் சுவர நம்பலாமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு, உனக்கு போன் பண்ணினேன். நீ எடுக்கல."

தம்பி வாயைத் திறந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் திறந்தான்.

"மீட்டிங்ல இருந்தேன்க்கா," என்றான்.